மேற்கத்திய செவ்வியல் இசையமைப்பாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாக், மொசார்ட், பீத்தோவன் ஆகியோரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் கேட்கப்படுகின்றன. அவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, இங்கே தொகுத்திருக்கிறேன். இந்த மேதைகளைச் சுற்றி ஏராளமான கதைகள் படர்ந்துவிட்டன. ஆனால் அவர்களுடைய கடிதங்களும் ஒப்பந்தங்களும் கையெழுத்துப் படிகளும் சொல்பவை பல இடங்களில் அந்தக் கதைகளைவிடச் சுவையானவை என்பது என் எண்ணம். ஆகையால், கதைக்கும் ஆவணத்துக்கும் முரண்பாடு வந்த இடங்களில் ஆவணத்தின் பக்கமே நின்றிருக்கிறேன்.

'கிளாசிக்கல்' என்றால் பழைய மேற்கத்திய இசை எல்லாமே அதில் அடக்கமா?

பேச்சு வழக்கில் ஆம், வரலாற்று நூல்களில் இல்லை. வரலாற்றாசிரியர்கள் தோராயமாக 1600 முதல் 1750 வரையிலான காலத்தைப் பரோக் என்பார்கள். விவால்டி, பாக், ஹாண்டெல் மூவரும் அதைச் சேர்ந்தவர்கள். அதன் பின் 1820 வாக்கில் முடியும் காலமே அவர்கள் மொழியில் 'கிளாசிக்கல்' ஆகும். ஹைடன், மொசார்ட், இளம் பீத்தோவன் அதில் அடங்குவர். ஷூபர்ட், ஷோபான், ஷூமான், பிராம்ஸ், சைக்கோவ்ஸ்கி ஆகியோர் அதற்கடுத்த ரொமான்டிக் காலத்தவர். இந்த எல்லைகள் நாம் பின்னாளில் போட்டவை. தான் ஒரு காலத்திலிருந்து இன்னொரு காலத்துக்குள் நுழைகிறோம் என்று பீத்தோவன் எண்ணியிருக்க மாட்டார்.

சிம்பொனி, சொனாட்டா, கான்செர்ட்டோ என்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானா?

கட்டமைப்பில் உறவினர்கள், இசைக்கும் ஆட்களில் வேறுபட்டவர்கள். சொனாட்டா பெரும்பாலும் ஒரு கருவிக்கோ இரு கருவிகளுக்கோ உரியது. கான்செர்ட்டோவில் ஒரு தனிக் கலைஞர் முழு இசைக்குழுவுடன் எதிரும் உடனுமாக நின்று வாசிக்கிறார். சிம்பொனி முழு இசைக்குழுவுக்கானது. வழக்கமாக நான்கு பகுதிகள் கொண்டது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்ந்தால் அது நால்வர் இசை, அதாவது குவார்ட்டெட். ஓபராவில் வேடமும் நடிப்பும் உண்டு. ஒரட்டோரியோவில் அவை இல்லை, பாடல் மட்டுமே.

பகுதிகளுக்கு இடையே கைதட்டலாமா என்பதையும் சேர்த்தே கேட்கிறார்கள். இன்றைய அரங்குகளில் கடைசிப் பகுதி முடியும் வரை காத்திருப்பதுதான் மரபு. ஆனால் 1813ஆம் ஆண்டு பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியபோது, கேட்டவர்கள் இரண்டாம் பகுதியை அங்கேயே மீண்டும் வாசிக்க வைத்தார்கள். ஆகவே ஆர்வத்தில் யாரேனும் நடுவில் தட்டிவிட்டால் அவரை முறைத்துப் பார்க்கத் தேவையில்லை.

பெயருக்குப் பக்கத்தில் ஓபஸ், கே., பி.டபிள்யூ.வி. என்று எண்கள் போடுகிறார்களே, அவை என்ன?

ஓபஸ் என்பது அச்சேறியபோது படைப்புக்குக் கொடுக்கப்பட்ட எண். அது எழுதப்பட்ட வரிசையைக் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. பீத்தோவனின் இரண்டாவது பியானோ கான்செர்ட்டோ முதலாவதற்கு முன்பே எழுதப்பட்டது. அச்சுக்குப் பின்னால் போனதால் இரண்டாவதாயிற்று. ஷோபான் 1830களில் எழுதி வெளியிடாமல் வைத்திருந்த ஒரு பியானோப் படைப்பு, அவர் இறந்து ஆறாண்டுகள் கழித்து 1855ஆம் ஆண்டு அச்சாகி, ஓபஸ் 66 என்ற எண்ணைப் பெற்றது.

வாழ்நாளில் பெரும்பகுதி அச்சேறாத இசையமைப்பாளர்களுக்குப் பின்வந்த அறிஞர்கள் பட்டியல் போட்டார்கள். மொசார்ட்டின் படைப்புகளைக் கால வரிசைப்படுத்தி 1862ஆம் ஆண்டு பட்டியலாக வெளியிட்ட கோஷெலின் (Köchel) பெயரின் முதலெழுத்துதான் 'கே.', அதில் கடைசி எண்ணான 626 ரெக்வியத்துக்கு, அதாவது இறந்தோருக்கான வழிபாட்டு இசைக்கு, உரியது. பாக்கின் படைப்புகளுக்கான பி.டபிள்யூ.வி. பட்டியலை 1950ஆம் ஆண்டு ஷ்மீடர் வெளியிட்டார். அது கால வரிசையில் அல்லாமல் இசை வகை வாரியாக அமைந்தது. ஷூபர்ட்டுக்குரிய 'டி.' எண்கள் டாய்ச் என்ற அறிஞருடையவை.

இவர்களுக்கெல்லாம் யார் சம்பளம் கொடுத்தார்கள்? இசையை வைத்தே பிழைத்தார்களா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் எப்போதும் நீளமாகப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படைப்புகளின் வடிவத்தையே இது பெருமளவு தீர்மானித்தது. 1723ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் பணியேற்ற பாக், பள்ளி மாணவர்களுக்குக் கற்பிப்பதோடு ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாட வேண்டிய கான்டாட்டாக்களுக்கும் பொறுப்பாளர். அந்தப் பதவிக்கு நகரசபை முதலில் விரும்பியது டெலமானை, அடுத்து கிராவுப்னரை. இருவரும் வராததால்தான் வாய்ப்பு பாக்குக்கு வந்தது. 1730ஆம் ஆண்டு எர்ட்மான் என்ற நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அவர் தன் வருமானக் கணக்கைச் சொல்கிறார்: சவ அடக்கங்களுக்கு இசை வழங்குவதால் கிடைக்கும் தொகை முக்கியமானது, ஆனால் ஊரில் ஆரோக்கியமான காற்று வீசினால் அது குறைந்துவிடுகிறது, முந்தைய ஆண்டு அந்த வகையில் மட்டும் நூறு தாலருக்கு மேல் இழப்பு. ஊரார் சாகாததைக் குறையாகச் சொல்லும் இந்தக் குடும்பத் தலைவருக்கு இரண்டு மனைவியர் வழியாக இருபது பிள்ளைகள் பிறந்தனர். அவர்களில் பத்துப் பேர்தான் வளர்ந்து பெரியவர்களானார்கள்.

ஹைடன் 1761ஆம் ஆண்டு எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, அவர் சீருடை அணிந்து, நாளுக்கு இருமுறை முன்கூடத்தில் வந்து நின்று, அன்று இசை வேண்டுமா என்று கேட்டுப் போக வேண்டும். எழுதுவதைப் பிரபுவுக்கன்றி வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனை 1779ஆம் ஆண்டின் புதிய ஒப்பந்தத்தில்தான் நீங்கியது. 1772ஆம் ஆண்டு பிரபு தம் கோடை அரண்மனையிலேயே தங்கிவிட, குடும்பத்தைப் பிரிந்து வந்திருந்த இசைக்கலைஞர்கள் ஊர் திரும்ப ஏங்கினார்கள். அப்போது ஹைடன் எழுதிய 45ஆவது சிம்பொனியின் இறுதியில் கலைஞர்கள் ஒவ்வொருவராக மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்து போக, கடைசியில் இரண்டு வயலின்கள் மட்டுமே ஒலிக்கின்றன. குறிப்பு புரிந்த பிரபு மறுநாளே புறப்பட உத்தரவிட்டதாக ஹைடனின் வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். விடுப்பு விண்ணப்பம் இவ்வளவு நயமாக வேறெங்கும் எழுதப்பட்டதாகத் தெரியவில்லை.

மொசார்ட் 1781ஆம் ஆண்டு சால்ஸ்பர்க் பேராயரின் வேலையை உதறி, வியன்னாவில் கற்பித்தல், கச்சேரி, ஓபரா ஆகியவற்றை நம்பி வாழத் துணிந்தார். பீத்தோவனுக்கு 1809ஆம் ஆண்டு மூன்று பிரபுக்கள் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 ஃபுளோரின் தர ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அவர் வியன்னாவை விட்டுப் போகாமல் இருந்தால் போதும். சைக்கோவ்ஸ்கிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபிள் கொடுத்த நதேஷ்தா ஃபான் மெக் என்ற செல்வ விதவை வைத்த நிபந்தனை இன்னும் விசித்திரமானது: இருவரும் நேரில் சந்திக்கவே கூடாது. பதினான்கு ஆண்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களால் மட்டுமே அந்த நட்பு நடந்தது.

பாக்கும் ஹாண்டெலும் ஒரே வருடத்தில் பிறந்தவர்களாமே, சந்தித்துக் கொண்டார்களா?

சந்திக்கவில்லை. இருவரும் 1685ஆம் ஆண்டு, ஜெர்மனியில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாத ஊர்களில் பிறந்தார்கள். பாக் ஜெர்மானிய நகரங்களுக்குள்ளேயே வாழ்ந்தார். ஹாண்டெல் இத்தாலி சென்று, பிறகு இலண்டனில் குடியேறி, 1727ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்றார். முதுமையில் இருவரும் பார்வை இழந்தார்கள், இருவருக்கும் ஜான் டெய்லர் என்ற அதே ஊர்சுற்றிக் கண் மருத்துவர் சிகிச்சை செய்தார், இருவருக்கும் பார்வை திரும்பவில்லை. அவர்களை இணைத்தது அந்தக் கத்தி ஒன்றுதான்.

பாக் இறந்த பிறகு எண்பது வருடம் உலகம் அவரை மறந்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

பொது அரங்குகள் மறந்தன, இசைக்கலைஞர்கள் மறக்கவில்லை. 1750ஆம் ஆண்டு அவர் இறந்தபோது அவருடைய பாணி பழையதாகிவிட்டிருந்தது. 'பாக்' என்றால் அவர் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேலைத்தான் பலரும் நினைத்தார்கள். ஆயினும் அவருடைய விசைப்பலகைப் படைப்புகள் கையெழுத்துப் பிரதிகளாகக் கைமாறிக்கொண்டே இருந்தன. பீத்தோவன் சிறுவயதில் பான் நகரில் பயின்றவை அவையே. மொசார்ட் 1789ஆம் ஆண்டு லைப்சிக் போனபோது பாக்கின் கூட்டுப் பாடல் ஒன்றைக் கேட்டு வியந்தார்.

1829 மார்ச் 11 அன்று பெர்லினில் இருபது வயது இசையமைப்பாளர் மெண்டல்சன், பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்ற பெரும் படைப்பைச் சுருக்கி அரங்கேற்றியதுதான் திருப்புமுனை. அதன் பிறகே பொதுமக்களின் கவனம் திரும்பியது. 1850ஆம் ஆண்டு பாக்கின் முழுப் படைப்புகளையும் பதிப்பிக்க ஒரு சங்கம் தொடங்கப்பட்டது.

மொசார்ட்டுக்கு சாலியேரி விஷம் வைத்தது உண்மையா?

இல்லை. 1791 டிசம்பர் 5 அன்று, 35 வயதில் மொசார்ட் இறந்தபோது பதிவேட்டில் எழுதப்பட்டது கடும் காய்ச்சல் என்பதே. சாலியேரி அப்போது அரசவையின் தலைமை இசைஞர். பதவியிலும் ஊதியத்திலும் மொசார்ட்டைவிட மேலே இருந்தவர், ஆகவே பொறாமைப்பட்டுக் கொல்வதற்கான காரணமே தலைகீழாக இருக்கிறது. இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் மொசார்ட் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், சாலியேரியைத் தம் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவுக்கு அழைத்துப் போனதையும், அவர் ஒவ்வொரு பாட்டுக்கும் 'பிராவோ' சொல்லி இரசித்ததையும் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். பின்னர் மொசார்ட்டின் கடைசி மகன் இசை கற்றது யாரிடம் தெரியுமா? இதே சாலியேரியிடம்தான். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் ஆகியோரும் அவரிடம் பயின்றவர்களே.

முதுமையில் சாலியேரி மனநலம் குன்றியிருந்தபோது வதந்தி பெருகியது. 1830ஆம் ஆண்டு ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அதை ஒரு குறுநாடகமாக எழுதினார். அதிலிருந்து ஓபராவும், பிற்காலத்தில் வேறொரு நாடகமும் திரைப்படமும் பிறந்தன. நல்ல நாடகத்தை விலக்குவதற்கு ஆவணங்கள் போதவில்லை என்பதுதான் வருத்தம்.

அப்படியானால் மொசார்ட் வறுமையில் இறந்து, அநாதைப் பிணமாகப் புதைக்கப்பட்டார் என்பதும் பொய்யா?

பாதி பொய். கடைசி ஆண்டுகளில் அவர் கடன் கேட்டு எழுதிய கடிதங்கள் உண்மையானவை. ஆனால் 1787 முதல் அரசவை இசையமைப்பாளராக ஆண்டுக்கு 800 ஃபுளோரின் பெற்றவரை ஏழை என்று சொல்ல முடியாது. வரவைவிடச் செலவு மிகுந்தவர் என்பதே பொருந்தும். அவர் புதைக்கப்பட்டது நகருக்கு வெளியே, பெயர்க்கல் இல்லாத எளிய குழியில். ஆடம்பர அடக்கங்களைக் குறைக்கப் பேரரசர் இரண்டாம் யோசெப் கொண்டுவந்த விதிகளை ஒட்டி நடுத்தர மக்கள் எல்லோருக்கும் நடந்தது அதுவே.

ரெக்வியம் முழுவதையும் மொசார்ட்தான் எழுதினாரா? கேட்டால் ஒரே கை போலத்தான் இருக்கிறது.

முழுவதும் அல்ல. வால்செக் என்ற பிரபு, 1791 பிப்ரவரியில் இறந்த தம் இளம் மனைவியின் நினைவாக, பெயர் சொல்லாத தூதர் மூலம் அதைக் கேட்டிருந்தார்; தாமே எழுதியதாகக் காட்டிக்கொள்வது அவர் நோக்கம். மொசார்ட் முழுமையாக முடித்தது தொடக்கப் பகுதியை மட்டுமே. அதையடுத்த பல பகுதிகளில் பாடும் குரல்களையும் கீழ்ச்சுரத்தையும் எழுதி, இசைக்குழுவுக்கு ஆங்காங்கே குறிப்பு வைத்திருந்தார். 'லக்ரிமோசா' என்ற பகுதி எட்டுத் தாள அளவைகளோடு நின்றுவிட்டது.

மீதிப் பணத்தைப் பெறுவதற்காக மனைவி கான்ஸ்டான்ஸே அதை வேறு ஆட்களிடம் கொடுத்து முடிக்கச் செய்தார். இறுதியில் நிறைவு செய்தவர் சூஸ்மையர். பிற்பகுதியில் வரும் மூன்று பகுதிகள் தம்முடையவை என்று அவரே உரிமை கோரினார். ஒரே கை போலக் கேட்பதற்கு ஒரு காரணம், முடிவுப் பகுதிக்குச் சூஸ்மையர் புதிதாக எழுதாமல், மொசார்ட்டின் தொடக்க இசையையே வேறு சொற்களோடு திரும்ப வைத்ததுதான்.

காது கேட்காமல் பீத்தோவன் எப்படி எழுத முடிந்தது? நம்பவே முடியவில்லையே.

அவர் பிறவிச் செவிடர் அல்லர். 1770ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு இருபதுகளின் பிற்பகுதியில்தான் குறை தொடங்கியது. அது மெல்ல மெல்லவே வளர்ந்தது. 1802 அக்டோபரில் ஹைலிகன்ஷ்டாட் என்ற சிற்றூரிலிருந்து தம்பியருக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருந்த கடிதத்தில், பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும் புல்லாங்குழல் தமக்குக் கேட்காத அவமானத்தையும், கலை ஒன்றே தம்மைத் தற்கொலையிலிருந்து தடுத்ததையும் எழுதியிருக்கிறார். 1818 முதல் வந்தவர்கள் தாங்கள் சொல்ல விரும்புவதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினார்கள். அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் உள்ளன. பீத்தோவன் பெரும்பாலும் வாயாலேயே பதில் சொன்னதால், தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்பது போல அவை இருக்கும்.

எழுதியது எப்படி என்றால், பயின்ற இசைஞர் ஒருவர் எழுத்தைப் பார்த்ததுமே மனத்துக்குள் ஒலியைக் கேட்கிறார். நாம் ஒரு கடிதத்தை வாய்விட்டுப் படிக்காமலே குரலோடு உணர்வதைப் போன்றது அது. பீத்தோவன் கேட்கும் காலத்தில் முப்பது ஆண்டுகள் கருவிகளுடனேயே வாழ்ந்தவர். அவர் இழந்தது எழுதும் ஆற்றலை அல்ல, வாசிக்கவும் இசைக்குழுவை நடத்தவுமான ஆற்றலை. 1824 மே 7 அன்று ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறியபோது அவர் மேடையில் நின்றாலும், உண்மையில் நடத்தியவர் உம்லாவ்ஃப். முடிவில் கைதட்டலைக் காணாமல் நின்றவரைப் பாடகி கரோலின் உங்கர் கூட்டத்தை நோக்கித் திருப்பிவிட்டார்.

காரணம் என்ன என்பதற்கு இன்னும் விடையில்லை. அவருடைய முடிக்கற்றைகளின் மரபணுவை ஆராய்ந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, கல்லீரல் நோய்க்கான பரம்பரைச் சாய்வையும் ஹெப்படைட்டிஸ் பி தொற்றையும் கண்டது. காதுகேளாமைக்குக் காரணம் கிடைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், முன்பு பல முடிவுகளுக்கு ஆதாரமாயிருந்த புகழ்பெற்ற கற்றை ஒரு பெண்ணுடையது என்று அந்த ஆய்விலேயே தெரியவந்தது.

'மூன்லைட்' சொனாட்டா நிலவைப் பார்த்து எழுதியதுதானே?

அல்ல. 1801ஆம் ஆண்டு எழுதிய அதற்கு அவர் இட்ட தலைப்பு 'கற்பனைப் போக்கிலான சொனாட்டா' என்பதே. அதன் முதல் பகுதியை ஏரியில் விழும் நிலவொளியோடு ஒப்பிட்டவர் ரெல்ஸ்டாப் என்ற எழுத்தாளர். ஹைடனின் பல சிம்பொனிகளுக்கும் பீத்தோவனின் ஐந்தாவது பியானோ கான்செர்ட்டோவுக்கும் உள்ள செல்லப் பெயர்களும் பிறர் சூட்டியவையே. நிலவை மறந்துவிட்டு மூன்றாம் பகுதியைக் கேளுங்கள், அது புயல்.

ஷூபர்ட் இறந்துவிட்டதால்தானே அந்த சிம்பொனி 'முடிவுறாதது' ஆயிற்று?

அப்படித் தோன்றுவது இயல்பு, ஏனெனில் அவர் 31 வயதில் இறந்தார். ஆனால் அதை எழுதியது 1822ஆம் ஆண்டு; அவர் இறந்தது 1828ஆம் ஆண்டு. இரண்டு பகுதிகளை முடித்து, மூன்றாவதைத் தொடங்கிவிட்டு, அதைத் தொடாமலே ஆறாண்டுகள் வாழ்ந்தார். படியை வைத்திருந்த நண்பர் ஹூட்டன்பிரென்னர் அதைப் பல பத்தாண்டுகள் வெளியே காட்டவில்லை. 1865ஆம் ஆண்டுதான் வியன்னாவில் அது முதன்முதலாக ஒலித்தது.

ஒன்பதாவது சிம்பொனி எழுதினால் இறந்துவிடுவார்கள் என்ற சாபம்?

பீத்தோவன், த்வோர்ஷாக், புரூக்னர் என்று பட்டியல் போடுவார்கள். மாஹ்லர் அஞ்சியே ஒன்பதாவதாக வர வேண்டிய படைப்புக்கு எண் தராமல் விட்டார் என்பதும், பத்தாவதை முடிக்காமலே 1911ஆம் ஆண்டு இறந்தார் என்பதும் அதற்கு உரமிடுகின்றன. ஆனால் புரூக்னர் எண்ணிடாத இரண்டு சிம்பொனிகளை முன்பே எழுதியிருந்தார்; அவருடைய ஒன்பதாவது முடியவும் இல்லை. த்வோர்ஷாக் 1893ஆம் ஆண்டு எழுதிய ஒன்பதாவது, அப்போது ஐந்தாவது என்றே அச்சானது. அதன் பின் அவர் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார். ஷோஸ்டகோவிச் பதினைந்து எழுதினார். ஹைடனின் எண்ணிக்கை 104. எண்கள் எவ்வளவு நம்பத்தக்கவை என்பதை ஓபஸ் பற்றிய பதிலில் பார்த்தோம்.

பெண்கள் யாருமே இசை எழுதவில்லையா? ஏன் ஒரு பெயரும் வருவதில்லை?

எழுதினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் துறவி ஹில்டகார்டின் பாடல்கள் இன்றும் பாடப்படுகின்றன. பிரான்செஸ்கா கச்சீனியின் ஓபரா 1625ஆம் ஆண்டு ஃபுளோரன்ஸில் அரங்கேறியது. பெயர் வராததற்குக் காரணம், எழுதியதை வெளியிட விடாத குடும்பமும் சமூகமும். மேலே சொன்ன சம்பளப் பதவிகள் ஒன்றுகூடப் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

தெளிவான எடுத்துக்காட்டு, மெண்டல்சனின் அக்காள் ஃபானி. நானூறுக்கு மேற்பட்ட படைப்புகளை எழுதிய அவருக்கு, இசை உனக்கு ஓர் அணிகலனாக மட்டுமே இருக்கலாம் என்று தந்தை எழுதினார். அவருடைய பாடல்கள் சில தம்பியின் பெயரில் அச்சாயின. 1842ஆம் ஆண்டு விக்டோரியா அரசி மெண்டல்சனின் தொகுப்பிலிருந்து தமக்குப் பிடித்த பாட்டைப் பாடிக் காட்ட, அதை எழுதியது தம் அக்காள் என்று அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஃபானி தம் பெயரில் ஓபஸ் 1ஐ வெளியிட்டது 1846ஆம் ஆண்டு. அடுத்த ஆண்டே இறந்தார். கிளாரா ஷூமான் பதினாறு வயதில் தம் பியானோ கான்செர்ட்டோவை அரங்கேற்றியவர். கணவர் 1856ஆம் ஆண்டு இறந்த பின், பிள்ளைகளைக் காக்கக் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகச் சென்றாரே தவிர, எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார்.

ஒருவர் பெயரில் வந்தது இன்னொருவருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எதைத்தான் நம்புவது?

கையெழுத்து, தாள், மை, படிகள் கைமாறிய வரலாறு ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான். 1828ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படி ஒன்றில் இருந்த 'ஈஸ்டர் சொனாட்டா' மெண்டல்சனுடையது என்றே கருதப்பட்டுவந்தது. 2010ஆம் ஆண்டு அந்தப் படியை ஆராய்ந்தபோது அது ஃபானியின் கை என்று உறுதியானது. பியானோ கற்கும் குழந்தைகள் எல்லோரும் வாசிக்கும் 'பாக்கின் ஜி மேஜர் மினுவெட்' பாக் எழுதியதே அல்ல. டிரெஸ்டன் நகரத்து ஆர்கன் கலைஞர் பெட்சோல்டுடையது. பாக்கின் மனைவி அன்னா மக்தலேனாவின் 1725ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில், எழுதியவர் பெயர் இல்லாமல் படியெடுக்கப்பட்டிருந்ததே குழப்பத்துக்குக் காரணம்.

இவை தவறுகள். வேண்டுமென்றே செய்தவையும் உண்டு. பரோக் கால இசையமைப்பாளர் அல்பினோனியின் பெயரில் 'அல்பினோனியின் அடாஜியோ' என்று உருக்கத்தோடு கேட்கப்படும் மெதுவான இசை, ஜியாசோத்தோ என்ற இத்தாலிய ஆய்வாளர் 1958ஆம் ஆண்டு வெளியிட்டது. அல்பினோனியின் துண்டுக் குறிப்பிலிருந்து கட்டியதாகச் சொன்ன அவர், அந்தத் துண்டை நம்பும்படி காட்டியதே இல்லை. வயலின் மேதை கிரைஸ்லர் பழைய ஆசிரியர்களுடையவை என்று சொல்லிப் பல ஆண்டுகள் வாசித்துவந்தவை தாமே எழுதியவை என்று 1935ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டார். விமர்சகர்கள் சிலர் கோபப்பட்டார்கள். பெயர்தான் மாறியது, மதிப்பு அப்படியேதான் இருக்கிறது என்பது கிரைஸ்லரின் வாதம். மினுவெட்டைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான். ஆனால் இனி அட்டையில் பெட்சோல்டின் பெயரைப் போட வேண்டும்.